உழக்கு நெய்

கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு நந்தாவிளக்கு எனப்படும். முதலாம் இராசராச சோழன் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலின் நந்தாவிளக்கு ஒன்றிற்கு 96 ஆடுகள் ஆயரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தரவேண்டும். இதனைக் கல்வெட்டில் பொறித்தனர்.

இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. குறுணிக்கு மரக்கால் என்றும் பெயர். லிட்டர் அளவை பத்துப் பத்தாகப் பெருகும். உழக்கோ நாழிவரை இரண்டிரண்டாகவே பெருகுகிறது.

30 நாளைக்கு 30 உழக்கு நெய் வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி ஆதலால், 30ஐ நான்கால் வகுத்தால் ஏழு நாழி கிடைக்கும். இரண்டு உழக்கு மிஞ்சும். அவ்விரண்டும் சேர்ந்து ஓர் உரி. ஆகவே, ஒரு திங்களுக்கு ஏழு நாழியும் ஓர் உரியும் தேவை.

நாழியின் கொள்ளளவு எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கவில்லை. சிறிய உழக்கால் அளந்தால் விடியுமுன்பே விளக்கு அணைந்துவிடும் அன்றோ? நெல் அளந்த மரக்காலுக்குக்கூட 'ஆடவல்லான்' என்று பெயர் சூட்டி, இன்ன மரக்கால் என்று தஞ்சைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பழைய நாழியை ஒரே எண்ணால் மில்லிலிட்டராக மாற்ற இயலாததும் இதனால்தான்.

பயிற்சி: அவ்விளக்கிற்கு 360 நாளைக்கு வேண்டிய நெய்யைக் குறுணியிலும் நாழியிலும் எழுதுக.