காரின் அடித்தட்டு தளர்ந்தால்

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையின் கீழ்க்கோடியில் உள்ள டோபி காட் நம்மில் பலரும் கேள்விப்பட்ட இடமேயாகும். டோபி காட் என்றால் சலவைத்துறை என்று பொருள். இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஓடிய ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தி வந்தனர். பின்னர் அவ்வட்டாரத்திற்கு மோட்டார் வண்டிகள் வந்தன. 1906ஆம் ஆண்டில் தோன்றிய வேர்ன் சகோதரர்கள் நிறுவனம் ஃபோர்டு வண்டிகளை விற்றது. அதன் கிளையான மலாயன் மோட்டார்ஸ் 1920களில் டோபி காட்டை ஒட்டி ஒரு காட்சிக்கூடத்தை எழுப்பியது. உலகெங்கும் பெருகிய அத்தகைய வண்டிகளின் டயர்களுக்காகவே மலாயாவில் தோட்டம் தோட்டமாக ரப்பர் நடப்பட்டது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

அக்காலத்து ஃபோர்டு 'டி' வண்டியின் இயந்திரத்திற்கு இரு பக்கமும் இரும்புத் தகட்டு மூடிகள் இருந்தன. சேறும் நீரும் உள்ளே தெறிக்காமல் காப்பது அவற்றின் வேலை. அதே வேலையை இன்று செய்வது பிளாஸ்டிக் தட்டு. முன் பம்பரின் அடியிலிருந்து இயந்திரத்தின் கீழாகச் செல்வதை அடித்தட்டு என்றும், சக்கரத்தின் மேல் வளைவாக இருப்பதைச் சக்கர உறை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். பழைய கார்களில் முதலில் தளர்வன இவைதாம். மேடு பள்ளமான செம்மண் சாலையிலும், கார் நிறுத்துமிடங்களின் செங்குத்தான சாய்தளங்களிலும் முன்பகுதி உரசுவதால் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விடுகின்றன.

"தொங்குகிறதா? பிடுங்கி எறிந்துவிடு" என்று கூறுவோர் உண்டு. இது தவறான யோசனையாகும். அடித்தட்டு இல்லாவிடில் மழைநீரும் மணலும் இயந்திரத்தின் பெல்ட்டுகளிலும் மின்கம்பி இணைப்புகளிலும் நேரே அடிக்கும். பல வண்டிகளில் ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காகச் செல்வதற்கும் இத்தட்டே துணை செய்கிறது. தொங்க விடுவதோ இன்னும் கேடானது. விரைவுச்சாலையில் எதிர்க்காற்று தட்டின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டால் அது முழுவதுமாகக் கிழிந்து பின்னால் வருபவர் மீது பறக்கக்கூடும். ஜோகூரிலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கான நம் மக்கள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பின்னால் வருபவர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் எக்காரணத்தைக் கொண்டும் உடம்பை நுழைக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல், சிமெண்டுக் கல், ரப்பர் மரக்கட்டை ஆகியவற்றையும் நம்ப வேண்டாம். கல் எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பிளக்கும், கட்டை உருளும். சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியின் எடைக்கு ஏற்ற இரும்புத் தாங்கிகளைக் கையேடு காட்டும் இடத்தில் வைத்த பின்னரே கீழே படுக்க வேண்டும். தாங்கிகள் இல்லாதவர் பட்டறைக்குச் செல்வதே முறை. ஒரு கிளிப்புக்காக உயிரைப் பணயம் வைப்பதில் பொருளில்லை.

இயந்திரம் நன்கு குளிர்ந்த பிறகு, கண்ணாடி அணிந்து (காய்ந்த சேறு கண்ணிலேயே விழும்), டார்ச்சு விளக்கால் அடிப்பகுதி முழுவதையும் பார்க்க வேண்டும். சில வேளைகளில் சத்தம் போடுவது பிளாஸ்டிக் தட்டாகவே இராது. புகைக்குழாய்க்கு மேலுள்ள மெல்லிய உலோக வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தாலும் அதே கடகட ஓசை எழும். தட்டின் மேற்புறம் எண்ணெயில் ஊறியிருந்தால் கசிவு எங்கே என்று முதலில் கண்டறிய வேண்டும். இடுக்குகளில் சிக்கிய காய்ந்த லாலான் புல்லையும் அகற்ற வேண்டும். சூடான புகைக்குழாய் அருகே அது தீப்பற்றும்.

பெரும்பாலான கிளிப்புகள் இரு துண்டுகளாலானவை. நடுவிலுள்ள ஊசியைத் தட்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பி உயர்த்தினால் கிளிப்பு முழுவதும் வெளியே வரும். பொருத்தும்போது ஊசியை உயர்த்திய நிலையில் துளையில் செருகி, பின்னர் ஊசியை அழுத்த வேண்டும். சில வண்டிகளில் ஊசியை உள்நோக்கி அழுத்தினால்தான் கிளிப்பு விடுபடும். ஆகவே பலம் காட்டும் முன் அமைப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய கிளிப்பு ஒன்றைக் கையோடு ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குக் கொண்டு சென்றால் துளைக்குச் சரியான அளவில் வாங்கலாம். அதன் விலை மிகவும் சொற்பமே.

துளை கிழிந்து அகன்றுவிட்டால் புதுக் கிளிப்பும் நிற்காது. அங்கே அகன்ற வாஷர் வைத்து இறுக்குவது எளிய வழி. துளையின் ஓரமே பிய்ந்திருந்தால் மெல்லிய அலுமினியத் துண்டு ஒன்றை ரிவெட் அடித்துப் புதுத் துளையிடலாம். பசை கொண்டு ஒட்ட முயல்வோர் ஏமாறுவர். தட்டின் உட்புறத்தில் 'பிபி' எனும் எழுத்துகளைக் காணலாம். அது பாலிபுரோப்பிலீனைக் குறிக்கும். சாதாரணப் பசை எதுவும் அதில் நன்றாகப் பற்றுவதில்லை.

தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் முறையிலும் கவனம் தேவை. முன்தட்டின் பின்விளிம்பு, பின்தட்டின் முன்விளிம்புக்குக் கீழே தரைப்பக்கமாக அமைய வேண்டும். மழைநீர் உள்ளே புகாதபடி அத்தாப்புக் கூரையில் ஓலையை அடுக்குகிறோம் அல்லவா? இங்கு நீருக்குப் பதிலாகக் காற்று. மாற்றிப் பொருத்தினால் தட்டு காற்றை அள்ளிக்கொண்டு மறுபடியும் கழலும்.

வழியில் தட்டு தொங்கிவிட்டால் கேபிள் டை கொண்டு கட்டி வீடு வந்து சேரலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடே. புகைக்குழாய்க்கு அருகில் அதைக் கட்டினால் உருகிவிடும். இரும்புக் கம்பியும் வேண்டாம். ஆட்டத்தில் அது பிரேக் குழாயை அறுத்துவிடக்கூடும்.

எல்லாம் பொருத்திய பிறகு, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிச் சக்கர உறை டயரில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டொரு நாள் கழித்து போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிய பின்னரே காஸ்வேயைத் தாண்டும் பயணத்திற்கு அவ்வண்டியை எடுக்க வேண்டும்.