புல்லுக்காணியில் போஞ்சி

கேள்வி: பிலிமத்தலாவையில் மாடு மேய்ந்த பழைய புல்லுக்காணி அரை ஏக்கர், இரண்டு வருடக் குத்தகைக்கு வருகிறது. போஞ்சி போடலாமா?

பதில்: முதலில் ஒரு இடத்தில் மண்வெட்டி போட்டுப் பாருங்கள். கினிப்புல் வேருக்குள் வெள்ளைப்புழு சுருண்டு கிடந்தால், அதுதான் உங்கள் முதல் பங்காளி. கொத்திப் புரட்டிய வேர் உக்கும்வரை மண்ணின் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். முதல் போகம் மஞ்சளித்து நிற்கலாம். நம் பக்கத்து மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அதைத் தணிக்க டொலமைற் போட்டால் பலன் ஆறுதலாகத்தான் வரும், குத்தகை முடிந்தபின் மிஞ்சும் பலனைப் பார்த்துக் காணிக்காரர் சிரிப்பார். பக்கத்துக் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் இருக்கின்றன. மண்ணைப் பரிசோதித்துவிட்டே பணத்தை இறக்குங்கள். சரிவென்றால் குறுக்கே புல்வரிகளை விட்டுக் கொத்துங்கள்.

வாய்ப்பேச்சுக் குத்தகையா? வேண்டாம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். காட்டுப்பன்றிக்கு அந்தச் சட்டம் தெரியாது. வேலிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.