மலைநாட்டில் பேஸ் கிட்டார் வாங்குவோர்க்கு

மாசி மாதத்துக் காமன் கூத்திலே தப்பொலி கேட்டு வளர்ந்த மலையகத்து இளைஞனுக்கு, ஒரு பாட்டின் நடையைக் கீழிருந்து தாங்கி நிறுத்துவது கனத்த நாதமே என்பதை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் இலங்கையெங்கும் பரவச் செய்த பொப்பிசையும், 1976-ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’யோடு புறப்பட்டு வானொலி வழியாக லயங்களுக்குள் வந்து குடிபுகுந்த இளையராஜாவின் திரைப்பாடல்களும், அந்தக் கனத்த நாதத்துக்குச் சுருதியும் சேர்த்து, பேஸ் கிட்டார் என்னும் நான்கு கம்பி வாத்தியத்தின் மேல் பலருக்கு ஆசையை மூட்டிவிட்டன. தோட்டத்துத் திருவிழா மேடையிலும், தேவாலயப் பாடற்குழுவிலும், கலியாண வீட்டு இசைக்குழுவிலும் இன்று அவ்வாத்தியத்துக்கு ஓர் இடம் உண்டு.

ஆனால் ஆசைக்கும் வாத்தியத்துக்கும் நடுவே பணம் நிற்கிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024-ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அரைப்பேர் விழுந்த நாட்களையும் கடைக் கடனையும் கழித்துவிட்டு, சீட்டுப் பிடித்து மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்கும் பொருள் ஒருமுறை தவறிப்போனால், மறுமுறை வாங்குவதற்கு வருஷங்கள் ஆகிவிடும். ஆகையால் எந்தக் கம்பெனியின் பெயர் பெரிது என்று விசாரிப்பதற்கு முன்னால், மூன்று விஷயங்களை ஒருவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது நல்லது: நான் எவ்வகைப் பாட்டுக்கு வாசிக்கப்போகிறேன்? இந்த ஈரத்தில் இதனை எங்கே வைத்துப் பாதுகாப்பேன்? நாளை விற்க நேர்ந்தால் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே இதனை வாங்குவார் உண்டா? பின்வரும் ஒப்பீடுகள் யாவும் இம்மூன்று கேள்விகளையும் ஒட்டியே செல்கின்றன.

நெடியதா, குறியதா?

தலைப்பக்கத்து நட்டிலிருந்து உடல்மேலுள்ள பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளமே இவ்வாத்தியத்தின் முதற்பெரும் பேதம். 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ் 34 அங்குல நீளத்தைக் கைக்கொண்டது. அதுவே பின்னர் உலகெங்கும் பொது அளவாகிவிட்டது. ஜெர்மனியின் ஹோஃப்னர் கம்பெனி 1956-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 1961-இல் ஹாம்பர்க் நகரிலே பால் மெக்கார்ட்னி வாங்கியதனால் உலகப் பிரசித்தி பெற்றதுமான வயலின் வடிவ வாத்தியமோ 30 அங்குல நீளமுடையது.

குறிய வாத்தியத்தில், கழுத்தின் மேலுள்ள உலோகக் கட்டுகளான ஃப்ரெட்டுகள் நெருங்கியிருப்பதால் விரல் அதிகம் விரியவேண்டியதில்லை. கம்பியின் இழுவை குறைவாதலால் அழுத்துவதும் எளிது. பஸ்ஸை விட்டிறங்கி மேட்டு லயம் வரை தோளில் சுமந்து ஏறுவோர்க்கு அதன் குறைந்த பாரமும் ஓர் அனுகூலமே. ஆனால் அதே தளர்ந்த இழுவையினால் அடிக்கம்பியின் நாதம் சற்றுக் குழைந்து ஒலிக்கும். நெடிய வாத்தியத்திலோ, விநாடிக்கு 41 அதிர்வு கொண்ட அடிக்கம்பியான ‘ஈ’ தெளிவாகவும் இறுக்கமாகவும் எழும். மேலும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கம்பிகள் 34 அங்குலத்துக்கென்றே செய்யப்பட்டவை. குறிய வாத்தியத்துக்குரிய கம்பிக் கட்டைத் தேடிக் கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டியும் வரலாம். பள்ளிச் சிறுவர்களும் சிறிய கையுடையோரும் குறியதைத் தாராளமாக வாங்கலாம். ஏனையோர்க்கு நெடியதே உத்தமம்.

பிரெசிஷனா, ஜாஸா?

நாட்டிலே கைமாறும் வாத்தியங்களில் பெரும்பாலானவை, எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும், ஃபெண்டரின் இரண்டு அமைப்புகளில் ஒன்றைத் தழுவியவையே. பிரெசிஷன் அமைப்பில் கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப், 1957 முதல், இரண்டு துண்டுகளாகப் பிரிந்து ஒன்றன் இரைச்சலை மற்றது நீக்கிவிடும்படி செய்யப்பட்டது. 1960-இல் வந்த ஜாஸ் அமைப்பிலோ இரண்டு தனிப் பிக்கப்புகள் உண்டு. இரண்டையும் ஒரே அளவில் திறந்துவைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் மூளும். எர்த் கம்பி சரியாக இல்லாத பழைய கட்டடங்களிலும், ஜெனரேட்டர் வைத்து ஒளியேற்றும் திருவிழா மேடைகளிலும் வாசிக்க நேர்வோர் இந்தப் பேதத்தை அற்பமென்று தள்ளிவிடலாகாது.

நாதத்தைப் பற்றிச் சொல்வதானால், பிரெசிஷனின் ஒலி நடுவிலே திரண்டு, தபேலாவும் டிரம்மும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போதும் அமுங்காமல் நிற்பது. ஜாஸின் ஒலி மேற்பக்கம் தெளிந்து, விரல் செய்யும் நுண்மைகளையெல்லாம் வெளிக்காட்டுவது. இளையராஜாவின் பாடல்களிலே சசிதரன் வாசித்த பேஸைக் கூர்ந்து கேட்டவர்கள், அது தாளத்தோடு மட்டும் நின்றுவிடாமல், பாடகரின் குரலுக்கு எதிர்க்குரலாக மேல் ஸ்தாயி வரை ஏறி இறங்குவதை அறிவார்கள். அவ்வித வாசிப்பையே லட்சியமாகக் கொண்டவர்க்கு, நட்டின் அருகே 38 மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கிய கழுத்துள்ள ஜாஸ் அமைப்பு கைக்கு இசைவாயிருக்கும். பொப்பிசை, பைலா, பஜனை, தேவாலயப் பாடல் என்று எல்லாவற்றுக்கும் அழைக்கப்படுவோர்க்குப் பிரெசிஷன் போதும். போதுமென்பது மட்டுமன்று, அதில் பிழை போவதற்கு இடமும் குறைவு. இவ்விரண்டு வகைப் பிக்கப்புகளையும் ஒன்றிலே சேர்த்த கலப்பு அமைப்பும் உண்டு. யமஹாவின் குறைந்த விலை மாதிரிகளில் ஒன்றான டிஆர்பிஎக்ஸ் 174 அத்தகையது.

பாட்டரி வேண்டுமா? ஐந்தாம் கம்பி வேண்டுமா?

1976-இல் மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே வந்தது முதல், உள்ளேயே ஒரு சிறு மின்சுற்றை வைத்து ஒலியை உயர்த்தியும் தாழ்த்தியும் கொடுக்கும் ‘ஆக்டிவ்’ வாத்தியங்கள் பெருகின. அவற்றின் ஒலியில் ஒரு பளபளப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால் அவை 9 வோல்ட் பாட்டரியை நம்பியிருப்பவை. வயரைக் கழற்றாமல் இரவு முழுவதும் விட்டுவிட்டால் பாட்டரி தீர்ந்துபோகும். ஈரம் பட்டுப் பச்சை பூத்த இணைப்புகளைச் சுரண்டிச் சீர்ப்படுத்துவதற்கும், நுண்ணிய மின்சுற்று பழுதுபட்டால் மாற்றுவதற்கும் ஆள் அகப்படுவது அரிது. பாட்டரியில்லாத வாத்தியத்தின் உள்ளமைப்போ, ஊர் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயப்பற்றுக் கோலால் அரைமணி நேரத்தில் சீர்செய்யக்கூடியது.

ஐந்தாம் கம்பியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது தரும் ‘பி’ ஸ்வரம் விநாடிக்கு ஏறக்குறைய 31 அதிர்வுடையது. நம்முடைய திருவிழாக்களில் வாடகைக்கு எடுக்கும் சிறிய ஒலிபெருக்கிகள் அந்த ஆழத்தை எட்டுவதேயில்லை. கேட்காத ஒலிக்காகப் பாரத்தையும் கம்பிச் செலவையும் ஏற்பதில் பிரயோஜனம் சொற்பம்.

ஈரத்தையும் எண்ணிக்கொள்க

ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களை நனைத்தபடி இருக்கும். ஜனவரி, பெப்ரவரியிலோ நுவரெலியாவில் வறண்ட குளிரும், சில இரவுகளில் உறைபனியும் உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சியும் கக்கியும் அசையும் சுபாவமுடையதாகையால், கழுத்து சில மாதம் முன்னுக்கும் சில மாதம் பின்னுக்கும் வளைந்து, கம்பியின் உயரமும் அதற்கேற்ப மாறிக்கொண்டேயிருக்கும். எனவே கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கோல் தடையின்றித் திரும்புகிற வாத்தியமே இங்கு வாங்கத் தக்கது. அது துருவேறி இறுகிவிட்டதாயின், எத்தனை அழகிய வாத்தியமாயினும் விட்டுவிடுக.

கம்பிகளில், உருண்டைக் கம்பி சுற்றியவை பிரகாசமாக ஒலிப்பினும் சுற்றுகளின் இடுக்கிலே வியர்வையும் ஈரமும் தங்கிச் சீக்கிரம் மழுங்கும். தட்டைக் கம்பி சுற்றியவை விலை கூடியனவாயினும் வருஷக்கணக்கில் உழைக்கும், ஃப்ரெட்டையும் அதிகம் தேய்க்கா. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டுகளிலே பிரெசிஷன் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தட்டைக் கம்பிகளை அறுந்தாலன்றி மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். உருண்டைக் கம்பியே வேண்டுமென்போர் துருவை எதிர்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தெரிந்தெடுக்கலாம். வாத்தியத்தை ஈரச் சுவரிலே மாட்டுவதும், விறகடுப்பின் அனல் படும் இடத்தில் சாய்த்துவைப்பதும் ஒருங்கே தவிர்க்கத் தக்கவை. உட்சுவர்ப் பக்கமாக, உறைக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைப்பதே முறை.

புதியதா, கைமாறியதா?

கொழும்புக் கடையிலே புதியது வாங்குவதில் நிம்மதி உண்டு. ஆனால் கடையை விட்டு வெளியே வந்த கணத்திலேயே அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. கைமாறியதிலோ, அந்த இறக்கத்தை முன்னவர் ஏற்றுக்கொண்டிருப்பார். மேலும் நான்கைந்து பருவமழையை மலையிலேயே கண்டும் கோணாத கழுத்து, இனியும் அதிகம் கோணாது என்று நம்ப இடமுண்டு. பரீட்சை மட்டும் கண்டிப்பாக நடக்கவேண்டும்.

முதலில் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் இரு விளிம்புகளையும் பார்க்க வேண்டும். வளைவு திருத்தத் தக்கது, முறுக்கு அநேகமாகத் திருத்த முடியாதது. பிறகு முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் கம்பியை ஒரே சமயத்தில் அழுத்தி, ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் இருப்பது இயல்பு. பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலே அழுத்தி எழுப்பும் ஸ்வரமும், அதே இடத்தில் தொட்டும் தொடாமலும் எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்து, ஒவ்வொரு குமிழையும் முழுவதும் திருப்பிக் கேட்க வேண்டும். குமிழின் கரகரப்பு அற்பச் செலவில் தீரும். தேய்ந்த ஃப்ரெட்டுகளை மாற்றுவதோ சில வேளை வாத்தியத்தின் விலையையே எட்டிவிடும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்குவதிலும் இதே கவனம் வேண்டும். ஒற்றைச் சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லயத்திலே பழகுவோர்க்கு ஹெட்போன் துளையுள்ள 20 வாட் பெட்டி போதும். மேடையிலே, வாத்தியத்தின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் டிஐ பெட்டி மூலம் நேரே அதற்குக் கொடுத்துவிடலாம். சாதாரணக் கிட்டார் பெட்டியில் பேஸை உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோகக்கூடும். ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வரும் பெட்டிகள் 100 வோல்ட்டுக்குரியவை. நமது 230 வோல்ட்டிலே மாட்டிய மாத்திரத்தில் கருகிவிடும்.

சந்திப்பும் பரிவர்த்தனையும்

இவற்றையெல்லாம் எழுத்தில் படித்து அறிவதிலும், நாலு பேர் தத்தம் வாத்தியங்களோடு கூடி, ஒருவர் வாத்தியத்தை மற்றவர் வாசித்துப் பார்த்து அறிவது சிரேஷ்டமானது. கொட்டகலை, தலவாக்கலை, டிக்கோயா, நானுஓயா என்று ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருப்போர் கூடுவதற்கு, தோட்ட வேலையும் பள்ளிக்கூடமும் இல்லாத போயா விடுமுறையே தோதானது. ரயிலும் பஸ்ஸும் வந்து சேரும் ஹட்டன் எல்லோர்க்கும் நடுவிடம். அங்கே கேட்கும் அபிப்பிராயங்களையும் தரம் பிரிக்கக் கற்கவேண்டும்: விற்க வந்தவர் சொல்லும் புகழையும், தாம் வாங்கியதை நியாயப்படுத்தவேண்டியவர் சொல்லும் புகழையும் பாதியாக்கி, அதே மாதிரியைச் சில வருஷம் வைத்திருந்து விற்றவர் சொல்லும் குறையை முழுதாக ஏற்பது விவேகம்.

வாத்தியத்துக்கு வாத்தியம் மாற்றுவோர், முதலில் இரண்டுக்கும் தனித்தனியே பண மதிப்பு வைத்து, வித்தியாசத்தைக் கையோடு தீர்த்துக்கொள்ள வேண்டும். தொடர் இலக்கத்தையும், தெரிந்த பழுதுகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு வாரத் தவணை கொடுத்துப் பிடிக்காவிடில் திருப்பிக்கொள்வதாகச் சொல்பவரே நம்பத் தக்க வியாபாரி. ‘அண்ணே’, ‘தம்பி’ என்ற உறவின் பேரில் இந்த மூன்றையும் விட்டுவிடுவதுதான் பின்னர் அந்த உறவே முறிவதற்குக் காரணமாகிறது.

முடிவாக: முதன்முறை வாங்குபவருக்கு, நான்கு கம்பியும் 34 அங்குல நீளமும் கொண்ட, பாட்டரியில்லாத, மலையிலேயே சில வருஷம் இருந்து கைமாறும் பிரெசிஷன் அமைப்பு வாத்தியத்தையே சிபார்சு செய்கிறேன். திரையிசையின் நுண்மையை நாடுவோர் ஜாஸ் அமைப்பையும், சிறுவர்கள் குறிய வாத்தியத்தையும் கொள்க. ஐந்து கம்பியும் ஆக்டிவும், மேடை வருமானம் வரத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டியவை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், அனுபவமுள்ள வாசிப்பாளர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். அவருடைய பஸ் கட்டணத்தையும் தேநீர்ச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.