கட்டிப்போட்டால் குட்டிபோடும்: தொட்டியில் ஒரு தண்ணீர்ப் பாடம்

ரணகள்ளி என்று புத்தகங்களில் எழுதுவார்கள். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டாலே போதும், ஓரத்துப் பள்ளங்களில் குட்டிச் செடிகள் கிளம்பிவிடும். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகு, எங்க வீட்டுத் திண்ணையில் நாலு தொட்டியில் வைத்திருக்கிறேன். வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இதைவிடத் தோதான செடி கிடையாது.

நெல்லும் கடலையும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போய்விடுகிறது. ரணகள்ளி அப்படியில்லை. ராத்திரி குளிர்ச்சியில் துளையைத் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. விடிந்து வெயில் ஏறினால் துளையை மூடிக்கொண்டு, சேர்த்ததை எடுத்துச் சர்க்கரை தயாரிக்கிறது. ராத்திரி டெபாசிட், பகலில் செலவு. பிரண்டை, சோற்றுக் கற்றாழை, அன்னாசி, டிராகன் பழம் எல்லாமே இந்தக் கணக்கில் வருபவைதான்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நம்ம மண்ணில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன். இந்த இலை காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் வாயில் வைக்காதீர்கள். பி.எச். தாள் வாங்குங்கள். காலை 6 மணிக்கு ஓர் இலையையும், மாலை 4 மணிக்கு இன்னோர் இலையையும் கசக்கிச் சாற்றைத் தாளில் தொட்டுப் பாருங்கள். காலையில் எண் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் காட்டும்.

இனி வளர்ப்பு முறை:

1. அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி. செம்மண் 2 பங்கு, மணல் அல்லது உடைத்த செங்கல் தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு.

2. முற்றிய இலையை ஈர மணல்மேல் நிழலில் போடுங்கள். புதைக்க வேண்டாம். குட்டி வேர்விட்டு நாலு இலை வந்ததும் பிரித்து நடலாம்.

3. காலை வெயில் நாலு மணி நேரம் விழட்டும். சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் நிழலுக்கு நகர்த்துங்கள்.

4. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் வையுங்கள். இந்தச் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம்.

5. ஜீவாமிர்தம் பத்துக்கு ஒன்றாகக் கலந்து மாதம் ஒருமுறை போதும். உரம் கூடினால் இலைதான் பெருக்கும், பூக்காது.

6. மாவுப்பூச்சி வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசலில் துணியை நனைத்துத் துடைத்து எடுங்கள்.

7. நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கும். அதனால் ராத்திரி டியூப்லைட் வெளிச்சம் படாத இடமாக வையுங்கள். வளர்ந்த செடியில் மார்கழி, தை வாக்கில் தண்டு நீண்டு, குட்டி விளக்குகளைப் போல செம்பச்சைப் பூக்கள் தொங்கும். தேன்சிட்டு தேடி வரும். பூ காய்ந்ததும் தண்டை வெட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கல்லுக்கு என்று இந்த இலையைத் தின்கிற வழக்கம் நம்ம ஊர்களில் இருக்கிறது. இதயத் துடிப்பைக் கெடுக்கும் நச்சு இந்த இனச் செடிகளில் உண்டு, பூவில் இன்னும் கூடுதல். ஆஸ்திரேலியாவில் இவற்றை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. இதயநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிட்டவே போகக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தின்ன வேண்டாம். தொட்டியை ஆடு எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த இலையைப் புறம்போக்கிலோ கண்மாய்க் கரையிலோ வீசாதீர்கள், விழுந்த இடத்தில் முளைத்துப் பரவிவிடும். வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் போர்க்குழாய் ஆழமாகிக்கொண்டே போகிறது. டிராகன் பழம் போட நினைப்பவர்கள் முதலில் ஒரு ரணகள்ளித் தொட்டியை ஒரு வருஷம் வைத்துப் பாருங்கள். இந்த வகைச் செடி எப்போது தண்ணீர் கேட்கும், எப்போது வேண்டாம் என்று சொல்லும் என்பது கைக்குப் பழகிவிடும்.