நூலகத்தில் ஒரு விளையாட்டு

"பிள்ளையைப் படிக்கத்தான் நூலகத்துக்கு அனுப்புகிறேன், விளையாடுவதற்கு வீட்டிலேயே கைப்பேசி இருக்கிறது" என்று ஒரு தந்தையார் என்னிடம் இந்தியில் கடிந்துகொண்டார். தில்லியில் நம் விடுதிக்கு அருகிலுள்ள சிறு பொது நூலகம் ஒன்றில், சனிக்கிழமை மாலைகளில், நாங்கள் மூவர் சிறுவர்க்குக் கல்வி பயிற்றும் கணினி விளையாட்டுகளை நடத்தி வருகிறோம். என் அரைகுறை இந்தியில் அவருக்கு அன்று விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

கல்விக்கெனக் கணினி விளையாட்டு இயற்றுவது புதிதன்று. 1971-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஆசிரியப் பயிற்சியில் இருந்த மாணவர் மூவர் வரலாற்று வகுப்புக்காக 'ஓரிகன் டிரெயில்' என்ற விளையாட்டை ஆக்கினர். எருது பூட்டிய வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளின் பயணமே அதன் பொருள். அப்போது அதற்குத் திரை கிடையாது. தொலைதட்டச்சுப் பொறி காகிதத்தில் அச்சிட்டதைப் படித்து விளையாடவேண்டும். உணவுக்கு எவ்வளவு, எருதுக்கு எவ்வளவு எனப் பணத்தைப் பங்கிடுவதும் பிள்ளைகளின் பொறுப்பே. நூலகங்களும் பின்தங்கிவிடவில்லை. 2018-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் திறக்கப்பட்ட 'ஊடி' நூலகத்தில் நூல்களோடு விளையாட்டு அறைகளும் தையல் இயந்திரங்களும் உள்ளன.

எங்களிடம் இருப்பவை இரண்டு பழைய கணினிகள் மட்டுமே. ஆகவே விலையில்லாததும், ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றி இயங்குவதுமான ஒன்றைத் தேடினோம். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' திட்டம் கைகொடுத்தது. அதில் பலகையைச் சமன் செய்யும் விளையாட்டு ஒன்று உண்டு. நம் பூங்காக்களில் காணும் ஏற்ற இறக்கப் பலகையேதான். இடப்புறம் நடுவிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 10 கிலோ செங்கற்கள். வலப்புறம் 2 மீட்டரில் 5 கிலோ. பலகையைத் தாங்கும் முட்டுகளை எடுத்துவிட்டால் எப்பக்கம் சாயும்? எடையையும் தொலைவையும் பெருக்கினால் இருபுறமும் 10 வருகிறது, பலகை அசையாது. திருப்புத்திறன் என்று நாம் பள்ளியில் படித்தது இதுவே.

முதல் வாரம் படுதோல்வி. பெரிய பையன்கள் இருவர் சுட்டெலிகளைப் பற்றிக்கொண்டனர். பெண்குழந்தைகள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தனர். ஒரு பையன் செங்கல்லை நகர்த்தி நகர்த்திப் பலகையை நேராக்கிவிட்டு வெற்றிக் களிப்பில் திளைத்தான். "இடப்பக்கம் அரை மீட்டரில் 20 கிலோ வைத்தால், வலப்பக்கம் 10 கிலோவை எங்கே வைப்பாய்?" என்று கேட்டேன். அவன் கை உடனே சுட்டெலிக்குப் போயிற்று. அதனை மூடிக்கொண்டு, "முதலில் சொல்" என்றேன். விழித்தான். விளையாட்டில் வென்றவன் விதியை அறியவில்லை!

அடுத்த வாரம் முறையை மாற்றினோம். ஒரு கணினிக்கு இருவர். சுட்டெலி பிடித்தவர் பேசலாகாது, பேசுபவர் சுட்டெலியைத் தொடலாகாது. முட்டை எடுக்குமுன் காரணம் கூறவேண்டும். கூச்சல் பெருகிற்று, நூலகர் இருமுறை எட்டிப் பார்த்தார். ஆயினும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "கனமானது எப்போதும் கீழே போகும்" என்று அழுத்தமாகச் சொல்லி, பலகை அசையாது நின்றதைக் கண்டு திகைத்தாளே, அந்தத் திகைப்புக்காக அக்கூச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு 30 செ.மீ. அளவுகோல் ஒன்றைப் பென்சிலின்மேல் நடுவே நிறுத்தினோம். (உருண்டைப் பென்சில் வேண்டா, உருண்டுவிடும், பட்டையுள்ளது நன்று.) நடுவிலிருந்து 5 செ.மீ. தொலைவில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி, மறுபுறம் 10 செ.மீ. தொலைவில் ஒன்றை வைத்தாள் அச்சிறுமி. கணக்குப்படி சமனாக வேண்டும். ஆனால் இரட்டை நாணயப் பக்கம் சாய்ந்தது. மீண்டும் வைத்தாள், மீண்டும் சாய்ந்தது.

"விளையாட்டு பொய் சொல்கிறதா?" என்று கேட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! உற்று நோக்கினோம். நாணயத்தின் உள்விளிம்பு கோட்டைத் தொடுமாறு வைத்திருந்தாள். நாணயத்தின் ஆரம் ஏறத்தாழ 1 செ.மீ. ஆகவே அதன் நடு, இப்புறம் 6 செ.மீட்டரிலும் அப்புறம் 11 செ.மீட்டரிலும் நின்றது. இருமுறை ஆறு 12. மறுபுறம் 11 மட்டுமே. நாணயத்தின் நடுவைக் கோட்டின்மேல் வைத்ததும் அளவுகோல் ஆடி ஆடி ஒருவாறு நின்றது. திரையில் இந்தப் பிழை நேர வழியில்லை; அங்கே கல் தானாகவே குறியில் சென்று அமரும். நூலகர் பள்ளி அறிவியல் நூல் ஒன்றைத் தேடி எடுத்து, நெம்புகோல் பற்றிய பக்கத்தை அவள்முன் விரித்தார். அன்று அந்நூலை அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

இத்தில்லியிலேயே பேராசிரியராக இருந்த சீர்காழி அரங்கநாதன், நூலகத் துறைக்கு வருமுன் கணித ஆசிரியர் என்பதை நம்மில் பலர் அறியோம். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் முதலாவது, நூலைக் காப்பதினும் அது பயன்படுவதே முதன்மை என்ற கருத்துடையது. வாசகர் அருகில் அமர்ந்து அவருக்கு வேண்டியதைத் தேடித் தரும் பணியை அவர் பெரிதாக மதித்தார். எங்கள் நூலகர் அன்று செய்தது அப்பணியே.

ஆதலின் அத்தந்தையார் சொன்னதில் பாதி உண்மை. அருகில் கேட்பாரின்றி ஆடினால் கைப்பேசி விளையாட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. முதல் வாரத்தில் நாங்கள் நடத்தியது அதைத்தான். மறுபாதியை அவர் நேரில் காணவேண்டும். இவ்வாரம் அவரையும் அழைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லவில்லை. இதற்குள் நூலகருக்கு இரண்டு முறையீடுகள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் சனிக்கிழமை மாலை எங்களுக்கு இராது.

நண்பர்களே, பிள்ளைகள் பதினெண்மர், நாங்கள் மூவர். இந்தி நன்கறிந்தவர் எங்களுள் ஒருவருமில்லை. மாலை 4 மணிக்கு விடுதி வாயிலிலிருந்து புறப்படுகிறோம். அளவுகோல் ஒன்று கொண்டுவாருங்கள். சில்லறை எங்களிடம் இருக்கிறது.