புறாவுக்கு உறவு புரியுமா?

அன்புள்ள கயல்விழி,

ஒரே மாதிரி இருப்பவற்றைப் புறாவால் இனம்காண முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். அதைக் கண்டுபிடித்த விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கூண்டுச் சுவரில் வரிசையாக மூன்று வட்டப் பொத்தான்கள். நடுப் பொத்தான் சிவப்பாக ஒளிர்கிறது. பசியோடிருக்கும் புறா அதைக் கொத்துகிறது. உடனே இருபுறமும் விளக்கெரிகிறது: ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. சிவப்பைக் கொத்தினால் தானியம். பச்சையைக் கொத்தினால் சிறிது நேரம் இருட்டு. குருட்டாம்போக்கில் கொத்தினாலே பாதி சரியாகிவிடும். பழக்கப்பழக்க, புறா அந்தப் பாதியைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது.

'ஒரே மாதிரி' என்ற உறவு புறாவுக்குப் புரிந்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லலாமா? 1961இல் கம்மிங், பெரிமன் என்ற இரு ஆய்வாளர்கள் சிவப்பு, பச்சை, நீலத்தில் தேர்ந்த புறாக்களுக்கு நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளைக் காட்டினார்கள். நடுவில் மஞ்சள் வந்தபோதெல்லாம் அவை தடுமாறின. அவை கற்றிருந்தவை 'சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை' என்ற தனித்தனி விதிகள். மஞ்சளுக்கு அவற்றிடம் விதி இல்லை. பன்னிரண்டாம் வாய்பாடு வரை ஒப்பிக்கும் பிள்ளை, பதின்மூன்றைக் கேட்டதும் விழிப்பது போலத்தான்.

அத்தோடு ஆய்வு நின்றுவிடவில்லை. 1988இல் ஆன்டனி ரைட் குழுவினர் சில புறாக்களுக்கு இரண்டே படங்களையும், வேறு சிலவற்றுக்கு 152 படங்களையும் வைத்துப் பயிற்சி தந்தார்கள். பிறகு இரு தரப்புக்கும் முன்பின் பார்த்திராத படங்களைக் காட்டினார்கள். இரண்டு படங்களில் பழகியவை திணறின. 152 படங்களில் பழகியவை புதியவற்றையும் சரியாகப் பொருத்தின. அத்தனை படங்களுக்கும் தனித்தனி விதி வைத்துச் சமாளிப்பது கடினம். ஒப்பிட்டுப் பார்ப்பதே சுலபமான வழி.

1997இல் ரைட் இன்னொன்றையும் காட்டினார். இம்முறை வாத்து, ஆப்பிள், திராட்சை என மூன்றே படங்கள். பொருத்த வேண்டிய மாதிரிப் படத்தைக் கொத்தாமலே விடையைத் தேர்ந்த புறாக்கள், மாதிரியும் இரு விடைப் படங்களும் சேர்ந்த தோற்றத்தை அப்படியே மனத்தில் பதித்துக்கொண்டன; புதிய படங்களில் தோற்றன. மாதிரியை 20 முறை கொத்திய பிறகே விடைக்குப் போக அனுமதிக்கப்பட்டவையோ புதியவற்றிலும் வென்றன. படங்கள் குறைவாக இருந்தும், மாதிரியை ஊன்றிக் கவனித்தது கைகொடுத்தது.

ஆகவே, ஒரு விலங்கு எதையோ 'புரிந்துகொண்டது' என்று படிக்கும்போது, பழக்கியதில் இல்லாத எதைக் காட்டிச் சோதித்தார்கள் என்று கேள். உன் கணக்குப் பாடத்துக்கும் இதே சோதனைதான். புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கை நீயே எழுதிப் போட்டுப் பார். வராவிட்டால் சோர்ந்துவிடாதே, வகைவகையாக இன்னும் சில கணக்குகளைப் போடு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று கவனி.

அன்புடன்,
பெரியப்பா