சனலுக்குச் சனல் சத்தம் மாறினால்: கடற்கரை மிக்சரில் பழுது தேடும் முறை

பாசிக்குடா ஹோட்டல்களின் கடற்கரை மேடையானாலும், வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கானாலும், மிக்சருக்கு முன்னால் இருப்பவருக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. எல்லா ஃபேடரும் ஒரே உயரத்தில் நிற்கும், மூன்றாம் சனல் மட்டும் அமுங்கிக் கேட்கும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளி நிகழ்ச்சியை முடித்துவிடுவார்கள். அப்படி விடவே கூடாது. உள்ளே விட்டுப்போன தொடுகை பாட்டின் நடுவில் திடீரென்று பிடித்துக்கொண்டால், மேலே தள்ளிவைத்த சனல் ஒரே கணத்தில் கூவத் தொடங்கும்.

நல்ல செய்தி, இந்தக் கரையில் இப்படி வரும் பழுதுகளில் பெரும்பாலானவை சர்க்கியூட்டில் இல்லை. உப்புக் காற்றில் கறுத்த ஜாக், சுவிட்ச், ஃபேடர் தொடுகைகளில்தான் இருக்கின்றன. மூடியைத் திறக்காமலே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பழுதல்லாததை ஒதுக்குங்கள். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலுக்கும் மத்தளத்துக்கும் ஒரே கெயின் ஒருநாளும் பொருந்தாது. வீட்டுப் பாவனைக் கருவிகளின் அளவும் மேடைக் கருவிகளின் அளவும் ஏறத்தாழ 12 டெசிபல் வேறுபடும். ஆகவே ஆளாளுக்குப் பேசவிட்டு ஒப்பிட வேண்டாம். எல்லாச் சனலுக்கும் ஒரே ஒலி வேண்டும். போனில் 1000 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றை விடாமல் ஒலிக்க வையுங்கள்.

வயரில் ஒரு பொறி இருக்கிறது. போனின் ஸ்டீரியோ வயரை அப்படியே மூன்று தொடுகை ஜாக்காக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகினால், இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்து ஒன்றுமே கேட்காது. சனல் செத்துவிட்டதென்று முடிவு கட்டிவிடுவீர்கள். இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் வயரை எடுத்து ஒரு முனையை மட்டும் பயன்படுத்துங்கள். 48 வோல்ட் ஃபான்டம் பவர் நிறுத்தியிருக்கட்டும், அம்ப்ளிஃபயரும் குறைந்திருக்கட்டும்.

இனி முதற் சனலில் ஈக்யூ நடுவில், பான் நடுவில், லோ கட், பேட் இரண்டும் நிறுத்தத்தில், ஃபேடர் 0 கோட்டில். பிஎஃப்எல் பொத்தானை அழுத்தி, மீட்டர் 0 காட்டும்வரை கெயினைத் திருப்புங்கள். அதே வயரை அடுத்த சனலுக்கு மாற்றி, கெயினை அதே கோட்டில் வைத்து, பிஎஃப்எல்லிலும் அதை விட்டபின் மெயினிலும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1, 2 டெசிபல் வித்தியாசம் கெயின் குமிழ்களின் இயல்பு. 3 டெசிபலைத் தாண்டினால் சந்தேகப்படலாம்.

பிஎஃப்எல் ஃபேடருக்கு முன்னால் சத்தத்தை எடுத்துக் காட்டுவது. அதனால் பழுது மிக்சரின் எந்தப் பாதியில் என்று அதுவே சொல்லிவிடும். பிஎஃப்எல்லில் சரியாக இருந்து மெயினில் மட்டும் குறைந்தால் ஃபேடர், மியூட், பான், ரூட்டிங் பொத்தான் ஆகியவற்றைப் பாருங்கள். பொத்தானைப் பலமுறை அழுத்தி விடும்போது மீட்டர் துள்ளினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

பிஎஃப்எல்லிலேயே குறைவா? இன்சர்ட் ஜாக்கை முதலில் பிடியுங்கள். அதில் ஒன்றும் செருகாதபோது சத்தம் ஒரு சிறிய தகட்டுத் தொடுகை வழியாகவே அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வருடக்கணக்காக ஒருவரும் தொடாத அந்தத் தகடுதான் முதலில் கறுக்கும். முனையையும் வளையத்தையும் ஒன்றாக இணைத்த ஸ்டீரியோ ஜாக் ஒன்றைச் செய்து அதில் செருகுங்கள். சத்தம் நிமிர்ந்தால் குற்றவாளி அந்தத் தகடேதான். கரண்டை நிறுத்தி, ஜாக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தால் அன்றைய நிகழ்ச்சி ஓடிவிடும். நிரந்தரத் தீர்வுக்குக் கொன்டாக்ட் கிளீனர் வேண்டும்.

லைன் இன்புட்டில் எல்லாச் சனலும் சமமாக இருந்து மைக்கில் மட்டும் குறைந்தால், மைக்கையும் வயரையும் ஒவ்வொன்றாக வேறு சனலுக்கு மாற்றுங்கள். ஒரு தடவையில் ஒன்றையே மாற்ற வேண்டும். எக்ஸ்எல்ஆர் வயரில் 2ஆம் அல்லது 3ஆம் பின்னின் ஈயம் விட்டிருந்தால் சத்தம் மெலிந்து, கூடவே இரைச்சலும் வரும்.

இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும் சிறுத்தால், அம்ப்ளிஃபயரைக் குறைத்து, மிக்சரின் அவுட்புட்டில் இரு வயரையும் மாற்றிச் செருகுங்கள். குறை வலப்பக்கம் போனால் மிக்சர். போகாவிட்டால் வயர், அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்.

கரகரக்கும் ஃபேடருக்குள் டபிள்யூடி-40 அடிப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அது உள்ளே இருக்கும் மசகைக் கரைத்துவிடும், பிறகு ஃபேடர் கல்லாக இறுகும். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரைச் சிறிதளவு விட்டு, முழு நீளமும் பலமுறை ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏசி மண்டபத்தில் குளிர்ந்த மிக்சரைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து உடனே பெட்டியைத் திறந்தால், ஈரக் காற்று அதன்மேல் நீராகப் படியும். மிக்சரின் குளிர் போகும்வரை பெட்டி மூடியபடியே இருக்கட்டும். முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதியோடு மூடுங்கள். இரவில் மணலில் விட்டுப்போக வேண்டாம்.

இவ்வளவுக்கும் சரிவராத சனலை நீங்களாகத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தங்கியிருக்கும். சனல் எண், பிஎஃப்எல்லில் எத்தனை டெசிபல், மெயினில் எத்தனை டெசிபல், இன்சர்ட்டில் ஜாக் செருகியபோது மாறியதா என்று துண்டில் எழுதி, மிக்சரின்மேல் ஒட்டிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.